எழுபது பாகை

மார்ச் கடைசியில் தேதி இறங்கத் தொடங்கியது.
பலகையின் உச்சியில் எழுதிய தேதி
ஜூனில் நடுவுக்கு வந்துவிட்டது.
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
மகிஷா மட்டும் ஒருநாள் பெஞ்சில் ஏறி
மேலே காலியாய்க் கிடந்த கறுப்பில்
நாளும் கிழமையும் எழுதிவைத்தாள்.

தலை பின்ன முடியவில்லை.
கொக்கி மாட்ட முடியவில்லை.
செம்மண்டலம் நிறுத்தத்தில் கை காட்டினால்
புடவையைச் சரிசெய்கிறேன் என்று நினைத்து
ஷேர் ஆட்டோ போய்விடுகிறது.

தோள் உறைந்துவிட்டது என்றார் எலும்பு டாக்டர்.
கடலூர் வெயிலில் உறைவதற்கும்
ஒன்று வாய்த்ததே எனக்கு என்றேன்.
சிரிக்காமல் எழுதினார்:
பிசியோதெரபி, பன்னிரண்டு முறை.

குரூப் இன்சூரன்ஸ் என்று சம்பளத்தில்
மாதம் நூற்று எண்பத்தைந்து பிடிக்கிறார்கள்.
அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ஓர் எண்.
ஒன்றை அழுத்தினேன், பிறகு நான்கை,
பிறகு பதினோரு நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு ஸ்ரீவத்சன் பேசுகிறேன் என்றது ஒரு பையன் குரல்.

"அட்மிட் ஆனீங்களா மேடம்?"
இல்லை. நடந்து போய் நடந்து வருவேன்.
"அப்போ கவர் ஆகாது.
இருபத்துநாலு மணி நேரம் பெட்ல இருந்திருக்கணும்.
லிஸ்ட்லயும் கடலூர்ல யாரும் இல்ல.
பாண்டியில ரெண்டு ஆஸ்பத்திரி காட்டுது."

அசைத்தால்தான் குணமாகும் தோளுக்கு
அசையாமல் கிடந்ததற்குச் சாட்சி கேட்கிறார்கள்.
கணக்கு டீச்சர் விடுவேனா.
பெட்டில் ஒரு நாள் ஆறாயிரம், அதற்குத் தருவீர்கள்.
பன்னிரண்டு தரம் முந்நூற்றைம்பது, நாலாயிரத்து இருநூறு,
அதற்கு மாட்டீர்கள்.
எது சிறிய எண், தம்பி?

மறுமுனையில் யாருடைய கீபோர்டோ தட்டிக்கொண்டிருந்தது.
பிறகு தணிந்த குரலில்,
எழுதிக் கொடுத்த தாளில் இல்லாத குரலில்,
"எங்கம்மாவுக்கும் இதான் மேடம்.
கையிலேர்ந்துதான் கட்டினேன்."
சேவையை மதிப்பிடச் சொன்னது இயந்திரம்.
இடது கையால் ஐந்தை அழுத்தினேன்.
அது யார் கணக்கில் சேர்ந்ததோ.

இனி ஆளைத் தேட வேண்டும்.
போன் மேப் காட்டிய மூன்றில்
லாரன்ஸ் ரோட்டில் இருந்தது
இப்போது செல்போன் கவர் கடை.
ஓல்டு டவுன்காரர் வீட்டுக்கே வருவாராம், எழுநூறு.
மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை.
மருந்துக்கடை நவநீதம் கேட்காமலே சொன்னார்,
புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வாங்க.
கடைசியில் தங்கபுஷ்பம் டீச்சர்தான்
தன் முழங்காலைத் தட்டிக் காட்டி,
"புதுப்பாளையம். டைல்ஸ் கடை மாடி. தமீமா" என்றாள்.

படி பதினெட்டு. லிப்ட் கிடையாது.
முழங்கால்காரர்கள் பக்கவாட்டில் ஏறுகிறார்கள், நண்டு மாதிரி.
ஏறி வர்றதே பாதி வைத்தியம் என்கிறாள் தமீமா.
மாடிக்கு வாடகை குறைச்சல் என்பதையும் மறைக்கவில்லை.
சுவரில் இருந்த பட்டத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
கோணமானியை என் தோளில் வைத்தாள்.
இருபது வருடம் பலகையில் நான் வைத்த கருவிதான்,
இதற்கு இரண்டு கை முளைத்திருக்கிறது.
"எழுபது" என்றாள்.
குறுங்கோணம்.

சுவரில் விரலால் ஏறச் சொல்கிறாள்.
ஆள்காட்டி, நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.
வலி மறக்கப் பதினேழாம் வாய்பாடு சொல்கிறேன்.
ஏழு பதினேழு நூற்றுப்பத்தொன்பதில்
ஒருநாள் கத்திவிட்டேன்.
இடுப்புக்கு வரும் துறைமுகத்துக்காரர்
குப்புறப் படுத்தபடியே கேட்டார்,
"சரியாத்தானே வந்துச்சு, ஏன் கத்துறீங்க?"

ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குகிறேன்.
"கிடைக்காதுன்னுட்டாங்களே, எதுக்கு?"
இருக்கட்டும். முத்திரை நன்றாய்ப் பதியட்டும்.
ஆகஸ்டில் பள்ளி பாலிசியைப் புதுப்பிக்கிறது.
தாளாளர் மேசையில் இவற்றை விரித்து
நாற்பத்தொரு ஆசிரியர்கள்,
எத்தனை தோள், எத்தனை முழங்கால் என்று
கூட்டத்தில் கேட்பதாய் இருக்கிறேன்.
கேட்க வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும்.

இன்று ஒன்பதாவது தரம்.
நூற்றுப்பன்னிரண்டு.
கீழே இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.
தயங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.
இன்னும் அறுபத்தெட்டு.